நீ கடலில் இறங்குவதற்கு முன்

ஐயா,

இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று ஒரு வரி எழுதிவிட்டு மற்றதற்குப் போவதுதான் என் வழக்கம். இந்தத் தடவை அந்த ஒரு வரி எழுத வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, எனக்கு மூட்டுவலி இருக்கிற இடத்தில் இருக்கிறது. மழை பெய்து வைகையில் தண்ணீர் வந்திருக்கிறது, கோச்சடையில் பாதிச் சனம் ஆற்றங்கரையில்தான் நிற்கிறது. ஆனால் உன்னுடைய போன கடிதம் வந்ததிலிருந்து உன் அப்பா யாரிடமும் பேசுவதில்லை. வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் விளக்கு வைத்த பிறகும் எழுந்திருப்பதில்லை. சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டுக் கை கழுவுகிறார். காரணம் உனக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் நான்தான். வழக்கமாக எழுதுகிற நீலக் கடிதத்தாளில் இது அடங்காது என்று வெள்ளைத்தாளை எடுத்து வைத்து உட்கார்ந்திருக்கிறேன். தபால் கனக்கும். கனத்தால் கனக்கட்டும்.

முதலில், நீ அலை விளையாட்டுக்குப் போகிறேன் என்று எழுதிய அந்த முந்தின கடிதத்தில் இருந்து வருகிறேன். மியாமியில் ஆபீஸ் நண்பர்களோடு பலகை மேல் ஏறி அலையில் நிற்கப் பழகிவிட்டதாகவும், பொங்கலை ஒட்டி லீவு போட்டுவிட்டு பார்படாஸ் தீவுக்குப் போகப்போவதாகவும் எழுதியிருந்தாய். கூடவே ஒரு போட்டோ. நீ அரை நிக்கரோடு, உன்னைவிட உயரமான ஒரு பலகையை அணைத்துக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாய். அடுத்த வீட்டம்மா அதை வாங்கி அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு, தம்பி அங்கே இஸ்திரி போடுகிற வேலையும் பார்க்கிறதா என்று கேட்டார். உன் அப்பாவுக்கு வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே! அப்பாவுக்கு பார்படாஸ் புதிய ஊரே இல்லை. ரேடியோவைக் காதில் ஒட்டவைத்துக்கொண்டு எத்தனை வெஸ்ட் இண்டீஸ் ஆட்டம் கேட்டிருக்கிறார். தெருவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம், என் மகன் வேகப் பந்து போடுகிறவர்கள் ஊருக்குப் போகிறான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் இந்த வீட்டில் வேறு பேச்சே கிடையாது. நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்குப் போய், நான் ஓய்வு பெற்ற பிறகும் என் பெயரைச் சொல்லி, பெரிய பூகோள வரைபடத்தை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். மியாமியில் இருந்து தீவு வரை நூல் பிடித்து அளந்தார். நம் ஊரைப்போல அங்கேயும் ஐப்பசி கார்த்திகையில் புயல் அடிக்குமா என்று உனக்கு எழுதச் சொன்னார். புயல் மாதங்கள் முடிந்த பிறகுதான் போகிறோம், அப்போதுதான் அலை பெரிதாக வரும் என்று நீ பதில் போட்டாய். தீவின் கிழக்குப் பக்கம்தான் நல்ல அலை, அடியில் பாறை, பாறையில் முள் முள்ளாக ஒரு கடல் பிராணி ஒட்டிக்கொண்டிருக்கும் என்று எழுதினாய். உடனே, செருப்புப் போடாமல் இறங்காதே என்று ஒரு கடிதம். பலகையில் படுத்துக் கையால் துழாவிப் போகும்போது நெஞ்சு உரசிப் புண்ணாகிறது என்றாய். உடனே தையல்காரரைப் பிடித்து, உடம்போடு ஒட்டின மாதிரி கெட்டிப் பனியன் இரண்டு தைத்து வாங்கிவிட்டார். அளவுக்கு அவரே போட்டுப் பார்த்துவிட்டு கண்ணாடி முன்னால் கையை விரித்து நின்றார். நான் உள்ளே வருவதைப் பார்த்ததும் கையை மடக்கிக்கொண்டார். அலங்காநல்லூரில் இருந்து உன் மச்சான், கலாவின் அண்ணன் வந்திருந்தபோது, "மாடு பிடிக்கிற மாதிரிதான் மாப்ள. திமிலைப் பிடிச்சு மூணு துள்ளு தாங்குனா செயிச்சாச்சுன்றீகள்ல. இவன் அலையில மூணு துள்ளு தாங்கணும், அம்புட்டுத்தான்" என்று அவனுக்குப் பாடம் எடுத்தார். நானும் என் பங்குக்குப் பருப்புப் பொடி வறுத்து அரைத்து வைத்தேன்.

அப்புறம்தான் போன கடிதம் வந்தது. கலா உண்டாகியிருக்கிறாள் என்று. அப்பா சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தவர் அந்த இடத்தில் நிறுத்தி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நான் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றேன். அடுத்த வரியைப் படித்தார். டிக்கெட் எடுத்தாயிற்று, வீடு பிடித்தாயிற்று, பலகையும் புதிதாக வாங்கியாயிற்று, அதனால் பயணத்தில் மாற்றமில்லை, அந்த ஒரு வாரம் கலா பக்கத்து வீட்டுக் குஜராத்திக் குடும்பத்தோடு இருப்பாள். அதற்கு மேல் அவர் படிக்கவில்லை. கடிதத்தை என் கையில் கொடுத்தார். பார்சல் கட்டி வைத்திருந்த பனியனை எடுத்துப் பீரோ மேல் போட்டுவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். மிச்சத்தை நான்தான் படித்தேன். அடியில் கலா தன் கையெழுத்தில் இரண்டு வரி எழுதியிருந்தாள்: அத்தை, அவர் ரொம்ப ஆசையாக இருக்கிறார், நீங்களும் மாமாவும் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். நீ அதைப் பார்த்தாயோ என்னவோ. நான் அந்த இரண்டு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மனைவி மாசமாக இருக்கும்போது புருஷன் கடலில் குளிக்கக் கூடாது, மலை ஏறக் கூடாது, பாடைக்குப் பின்னால் போகக் கூடாது என்று நம் பக்கத்தில் சொல்வது உனக்கு மறந்திருக்கலாம், அல்லது காதிலேயே விழாமல் இருந்திருக்கலாம். அலங்காநல்லூரில் வளர்ந்த கலாவுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்துதான் அந்த இரண்டு வரி எழுதியிருக்கிறாள். இதற்காகவா இம்புட்டுக் கலவரம் என்று நீ சிரிப்பாய். சிரிப்பதற்கு முன்னால் மேலே படி. உனக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பெண் பிறந்து, பிறக்கும்போதே இறந்துபோனாள் என்பது உனக்குத் தெரியும். சூரிய கிரகணத்தன்று அம்மா வெளியே போனாள், அதனால்தான் பிள்ளை தங்கவில்லை என்றுதான் உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். உன் பெரிய அத்தை சொல்லியிருப்பார், சித்திமார் சொல்லியிருப்பார்கள். நானும் இல்லை என்று சொன்னதில்லை.

அப்போது உன் அப்பாவுக்கு மில்லில் ஃபிட்டர் வேலை. வயசு இருபத்தைந்துகூட ஆகவில்லை. நாள், நட்சத்திரம், சகுனம் என்று எதைச் சொன்னாலும் கேலிதான். தாய் தகப்பன் இல்லாத அவரை வளர்த்து ஆளாக்கிய அக்காதான் உன் பெரிய அத்தை, எனக்கு மதினி. அவர் புருஷனை இழந்து எங்களோடுதான் இருந்தார். அந்தக் கேலியைப் பொறுத்துக்கொண்டு அவர் பாட்டுக்கு எல்லாச் சாத்திரமும் பார்ப்பார். எனக்கு வளைகாப்பு முடிந்த சமயம். மில்லில் கூட வேலை பார்த்தவருடைய அப்பா இறந்து, அஸ்தி கரைக்க ராமேஸ்வரம் போனார்கள். துணைக்கு உன் அப்பாவும் கிளம்பினார். அக்கா தடுத்துப் பார்த்தார். முடியாமல் போகவே, போறது போ, கடலில் மட்டும் காலை வைக்காதே என்று சொல்லி அனுப்பினார். நமக்கெல்லாம் கடல் என்றால் வேறென்ன? செத்தவர்களுக்காகப் போகிற இடம். அதில் இறங்கிக் கும்மாளம் போடலாம் என்று மதுரையில் யாருக்குத் தோன்றும்? உன் அப்பாவுக்குத் தோன்றியிருக்கிறது. காரியம் முடிந்ததும் அவரும் இன்னும் இரண்டு பேரும் தனுஷ்கோடிக்குப் போய் சாயங்காலம் வரை அலையில் விழுந்து கிடந்திருக்கிறார்கள். மூக்கெல்லாம் தோலுரிந்து வீடு வந்து சேர்ந்தார். என்னிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னார். அலை வந்து அடியில் தூக்கும்போது அடிவயிறு ஜில்லென்று ஆகும், ஒரு நிமிஷம் நம் உடம்பு நம்முடையதாகவே இருக்காது என்றார். நீ முதல் கடிதத்தில் எழுதியதும் ஏறக்குறைய இதே வார்த்தைதான். இந்த ஆசை உனக்கு அமெரிக்காவில் வந்தது என்று நினைத்துக்கொண்டிருக்காதே. உப்பேறி விறைத்துப்போயிருந்த அவருடைய வேட்டியை, மதினி கண்ணில் படுவதற்குள் நானே நாலு தண்ணீர் மாற்றி அலசிப் போட்டேன். எனக்கும் அன்று சிரிப்பாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகுதான் கிரகணம் வந்தது. மதினி உசிலம்பட்டியில் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தார். போகும்போது, கதவைத் திறக்காதே, பகல் வெளிச்சம் மேலே படக் கூடாது, எதையும் நறுக்காதே என்று நூறு தடவை சொல்லிவிட்டுப் போனார். உன் அப்பாவுக்கு அன்று இரவு ஷிப்ட், அதனால் பகலில் வீட்டில்தான் இருந்தார். அக்காவைக் கேலி செய்துகொண்டே ஜன்னல் இடுக்கில் எல்லாம் தன்னுடைய பழைய மில் பனியனைக் கிழித்துக் கிழித்து அடைத்தார். அந்த இருட்டில் நாங்கள் இரண்டு பேரும் தரையில் படுத்துக்கொண்டு பிள்ளைக்குப் பேர் தேடினோம். ஆணுக்கு அவர் சொன்னதெல்லாம் எனக்குப் பிடிக்கவில்லை, பெண்ணுக்கு நான் சொன்ன பேர் அவருக்குப் பிடித்திருந்தது. அந்தப் பேரை இங்கே எழுத மாட்டேன். நான் அன்று வாசற்படியைக்கூட மிதிக்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் பிரசவம். கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது என்று டாக்டரம்மா சொன்னார். தலை நிறைய முடி இருந்ததாம். எனக்குக் காட்டவில்லை, காட்டினால் பால் கட்டிக் கஷ்டப்படுவேன் என்று எடுத்துப்போய்விட்டார்கள். வீட்டுக்கு வந்த அன்று சொந்தக்காரப் பெண்களெல்லாம் கூடியிருந்தார்கள். கொடி சுற்றுகிறதுக்கும் ஒரு காரணம் இருக்கும் என்று ஒருத்தி ஆரம்பித்தாள். மதினி சட்டென்று தம்பி பக்கம் திரும்பினார். "ராமேஸ்வரம் போனியே, கடல்ல எறங்குனியாடா?" என்று கேட்டார். ஐயா, அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டாம். எதையும் நம்பாத மனுஷன், அந்த ஒரு கேள்வியில் மொத்தத்தையும் நம்பிவிட்டார். பிள்ளையைக் கொன்றவன் தான்தான் என்று அந்த நிமிஷமே அவருக்குள் முடிவாகிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் வெளியே போய் எதிலாவது விழுந்துவிடுவார் என்று எனக்குப் பயமாக இருந்தது. படுத்திருந்த நான் எழுந்து உட்கார்ந்து, "அவரை எதுக்குக் கேக்குறீங்க மதினி? கிரகணத்தன்னைக்கு நான்தான் வெளிய போனேன். கொடியில துணி கெடந்துச்சு, எடுக்கப் போனேன்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. அவரைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான். அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ அவர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, இல்லை, அவள் போகவில்லை, நான் கூடத்தான் இருந்தேன் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. சொல்லாததற்கு எந்தக் காரணமும் சொல்லவில்லை. ஒரு வருஷம் எதிர்பார்த்தேன். நீ வயிற்றில் வந்தபோது, இப்போதாவது என்று எதிர்பார்த்தேன். மதினி என்னை ஒரு திருடியைக் காவல் காப்பதுபோல் காத்தார். இவர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். நம் சொந்தத்தில் எந்த வளைகாப்பிலும் எனக்கு வளையல் போடும் உரிமை கிடைத்ததில்லை. நான் நிற்கும்போதே, பார்த்து இருந்துக்கோ, அவள் மாதிரி ஆகிவிடப் போகிறது என்று மாசமான பெண்களிடம் சொல்வார்கள். பந்தியில் எதிரே உட்கார்ந்து உன் அப்பா அதைக் கேட்டபடி ரசம் ஊற்றிக்கொள்வார். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு ஒரு சுடுசொல் சொன்னதில்லை, சம்பளத்தைக் கொண்டுவந்து அப்படியே என் கையில் கொடுத்தவர். நான் வாயைத் திறந்து கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பார். கேட்டு வாங்குகிற பொருளா அது?

ஒன்று மட்டும் செய்தார், கடல் பக்கமே போகாமல் இருந்துவிட்டார். தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன செய்தி ரேடியோவில் வந்தபோது எழுந்து போய் அணைத்துவிட்டார். உன்னைப் பள்ளிக்கூடத்தில் தூத்துக்குடிக்குக் கூட்டிப்போகிறார்கள் என்று கேட்டபோது முடியாது என்று சொல்லி, நீ இரண்டு நாள் அழுதாயே, நினைவிருக்கிறதா? அப்பாவுக்குத் தண்ணீர் பயம் என்று நான்தான் உன்னைச் சமாதானம் செய்தேன். நீ கிணற்றில் குதித்துக் குதித்து யாருக்கும் தெரியாமல் நீச்சல் படித்தாய். இத்தனை வருஷம் கழித்து நீ அலைமேல் நிற்கிறாய் என்று கேட்டதும் அவர் முகத்தில் தனுஷ்கோடியில் இருந்து வந்த அந்தப் பழைய ஆள் தெரிந்தார். அந்த இரண்டு மாதம் நானும் சந்தோஷமாக இருந்தேன், பொய் சொல்லவில்லை.

சில வருஷம் முன்னால் ஊரே கதவை அடைத்துக்கொண்டு கிடந்த பெரிய கிரகணம் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ அப்போது கல்லூரி ஹாஸ்டலில் இருந்தாய். தெருவில் ஈ காக்காய் இல்லை, பஸ்கூட ஓடவில்லை. நான் கதவைத் திறந்துகொண்டு முற்றத்தில் போய் உட்கார்ந்தேன். செய்ததாகப் பேர் வாங்கிவிட்டோம், ஒரு தடவையாவது செய்துதான் பார்ப்போமே என்று. வெயில் மங்கி மஞ்சளாக ஆனது, பக்கத்து வீட்டுக் கோழிகள் அடையப் போயின. அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை. உன் அப்பா நிலைப்படிவரை வந்து நின்றார். உள்ளே வா என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். கடல் உன் பிள்ளையை ஒன்றும் செய்யாது. முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள் நான், தனுஷ்கோடித் தண்ணீர் பெரியாஸ்பத்திரிக்கு நடந்து வரும் என்று நம்புகிற ஆள் இல்லை. உனக்கு நல்லபடியாகப் பிள்ளை பிறக்கும், பிறக்க வேண்டும். ஆனால் எல்லாப் பிரசவத்திலும் ஒரு கத்திமுனை இருக்கிறது. ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், ஆகக் கூடாது, ஆகிவிட்டால், எல்லாரும் காரணம் தேடுவார்கள். அலங்காநல்லூரில் இருந்து கேட்பார்கள், இங்கே கேட்பார்கள். எதையும் நம்பாத நீயும் அன்றைக்கு நம்பிவிடுவாய், உன் அப்பா மாதிரியே. அப்போது கலா உனக்காக ஒரு பொய் சொல்வாள். நிச்சயமாகச் சொல்வாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இப்போதே எழுதிவிட்டாளே. அந்தப் பொய்க்குப் பின்னால் வந்து நிற்கிற ஆளாக நீ ஆகிவிடக் கூடாது. அந்த வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதில்தான் நீ வளர்ந்தாய். போகாதே, ஐயா. பிள்ளை பிறந்து தவழட்டும். அப்புறம் மூன்று பேருமாகப் போங்கள், நான் பனியனை அனுப்புகிறேன். அலை அங்கேயேதான் அடித்துக்கொண்டிருக்கும். உன் கடிதத்தில் பலகை இருந்தது, பாறை இருந்தது, கூட வருகிறவர்கள் பேரெல்லாம் இருந்தது. அந்த ஒரு வாரம் கலா மனசு என்ன பாடுபடும் என்று அவளிடம் கேட்டதாக எங்கேயும் இல்லை. முதலில் அதைக் கேள்.

இவ்வளவு எழுதிவிட்டு, தாளை மடிக்கப் போகும்போது உன் அப்பா உள்ளே வந்தார். அவனுக்குத்தானே, கொடு என்று வாங்கிக்கொண்டு ஜன்னல் ஓரம் போய்ப் படித்தார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். கிழித்துப் போட்டாலும் போடட்டும் என்றுதான் நினைத்தேன். ரொம்ப நேரம் கழித்து வந்து, தாளை என் முன்னால் வைத்துவிட்டு, "இன்னும் ஒண்ணு எழுது. அன்னைக்கு அவ வெளிய போகலைன்னு நான் சொன்னதா எழுது" என்றார். உங்கள் அக்கா போய்ச் சேர்ந்தாயிற்று, கேட்க வேண்டியவர்கள் எல்லாரும் போயாயிற்று, இனி யாருக்கு என்று கேட்டேன். "அவனுக்குத் தெரியட்டும்" என்றார். இந்த வார்த்தை வந்தால் நெஞ்சு ஆறிவிடும் என்று எத்தனையோ வருஷம் நினைத்திருக்கிறேன். ஆறவில்லை, ஐயா. வயசான மனுஷன் அடுப்படியில் நின்று அழுவதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

உனக்குப் பத்து வயசு இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக்கூடக் கழற்றாமல், "நீ மட்டும் அன்னைக்கு வெளிய போகாம இருந்திருந்தா எனக்கு அக்கா இருந்திருக்கும்லம்மா?" என்று என்னைக் கேட்டாய். அப்பா அந்த அறையில்தான் சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று உனக்குப் பதில் சொல்லிவிட்டுச் சோறு போடப் போனேன்.

அவர் எழுதச் சொன்னதை எழுதிவிட்டேன். நான் அன்றைக்கு வெளியே போகவில்லை.

அம்மா